இடி நேரத்து அழைப்பு

அத்தியாயம் 4

"ரிப்போர்ட் எழுதத்தானுங்க உங்களைக் கூப்பிட்டேன். வந்து எறங்குனதும் அந்தத் திருடியப் பாக்கோணும்கிறீங்க. என்னங்க, சொந்தக்காரியா?"

ஜே.பி. காட்டேஜ் முதலாளி ஜெயபிரகாஷ் வரவேற்பறைக் கதவை உடம்பால் அடைத்துக்கொண்டு கேட்டார். கலாவதி நிற்காமல் கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள். மலையேறி வந்த இருபது கொண்டை ஊசி வளைவும் சேர்ந்து அவள் பொறுமையைத் தின்றிருந்தன. வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது என்று அவளுக்கே தெரியும்.

"சொந்தமெல்லாம் இல்லீங்க," என்றான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வந்த லாசர். "மேடத்துக்குத் தெனமும் ஒரு திருட்டு மூஞ்சியப் பாக்காட்டி சோறு எறங்காதுங்க. காலையிலருந்து ஒண்ணும் சிக்கல. உங்களைப் பாத்ததும் கொஞ்சம் தெம்பு வந்துச்சு."

ஜெயபிரகாஷ் முறைத்தார். ஆனால் வழி விட்டார்.

கலாவதி சேலத்தில் துப்பறியும் அலுவலகம் திறந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முன் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டினாள். பணம் போச்சே என்று அழுதுகொண்டு வந்த எத்தனையோ பேரின் கோப்பில் 'வாடிக்கையாளரின் கவனக்குறைவு' என்று முத்திரை குத்தி மூடியிருக்கிறாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வரும். அதில் பாதியை லாசர் மேல் கொட்டுவாள், மீதியை இந்த மாதிரி முதலாளிகளுக்கு வைத்திருப்பாள். அரிசிபாளையத்து லாசர்தான் அவளுக்கு டிரைவர், உதவியாளர், நிறுத்த முடியாத ரேடியோ எல்லாமே.

"கேட்டுக்கு வெளியே ஜீப்ல எட்டுப் பேரு ஒக்காந்திருக்காங்களே, யாரு?" என்று கலாவதி கேட்டாள்.

"அவ அப்பன் ஐயாக்கண்ணும் செம்மநத்தத்து ஆளுங்களும். காலையில அந்த ஊர்க் கடைக்குப் போன் போட்டு, உங்க பொண்ணு திருடீன்னு சொன்னேன். கெளம்பி வந்துட்டாங்க. உள்ள விடலை. பன்னெண்டு மணிக்கு எஸ்.ஐ. வர்றாரு. அதுக்குள்ள நீங்க எழுதிக் குடுங்க."

கடிகாரம் பதினொன்று ஐந்து காட்டியது.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்தில் மூன்று விருந்தினர்களின் கிரெடிட் கார்டிலிருந்து பணம் போயிருக்கிறது. மூன்று பேருக்கும் அறைத் தொலைபேசியில் ஓர் அழைப்பு வந்தது. "பேங்க்ல இருந்து பேசறோம், உங்க கார்டை யாரோ பயன்படுத்தப் பாக்கறாங்க, நம்பரைச் சொல்லுங்க" என்று ஒரு ஆண் குரல். மூன்று பேருமே உஷாரானவர்கள். ஒரு எண்ணைக்கூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்கள். அப்படியும் அன்றைக்கே பணம் போய்விட்டது.

"சொல்லாத நம்பரு எப்படிங்க போகும்?" என்றார் ஜெயபிரகாஷ். "ரூம் எடுக்கறப்ப கார்டைக் கையில வாங்கித் தேய்க்கறது ரிசப்ஷன்ல இருக்கற பவித்ரா ஒருத்திதான். முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் பாத்து எழுதி வெச்சுக்கிட்டா முடிஞ்சுது. இதுக்குத் துப்பறியோணுமா?"

"அப்ப எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?"

"எழுதிக் குடுக்க ஒரு முன்னாள் பேங்க் ஆளு வேணுமுங்க. மத்த கெஸ்ட்டுங்க நம்போணுமில்ல."

நல்ல மனுஷன். முடிவை முதலில் எழுதிவிட்டு விசாரணையை அப்புறம் வாங்கப் பார்க்கிறான். கலாவதி பல்லைக் கடித்துக்கொண்டு நாலாம் நம்பர் அறைக்கு நடந்தாள்.

நாலாம் நம்பரில் இருந்தவர் பாலசுப்பிரமணியம். திருச்சிக்காரர், ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறை பொறியாளர். நேற்றுப் பணத்தைப் பறிகொடுத்த மூன்றாவது ஆள் இவர்தான். அவருக்கு எதிரில், வராந்தா நாற்காலியில், வெள்ளை ஜிப்பா போட்ட ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மடியில் சுடோகு புத்தகத்தை விரித்து வைத்துப் பென்சிலால் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"நீங்க பேங்க்ல இருந்தவங்களாமே?" பாலசுப்பிரமணியம் எழுந்துகூட நிற்கவில்லை. "முதல்ல உங்க பேங்க்காரங்களைப் பிடிச்சு உள்ளே போடுங்க. நேத்து சாயங்காலமே நான் கார்டை முடக்கச் சொல்லிட்டேன். முடக்கினதுக்கு அப்புறம் எப்படி தொண்ணூறாயிரம் போகும்? காலையில ஏரிப் பக்கம் நடக்கப் போனேன், அங்கேதான் டவர் கிடைச்சுது. அஞ்சு மெசேஜ் வரிசையா வந்து விழுது! எல்லாம் வெளிநாட்டு வெப்சைட். ஓடிபி கூடக் கேட்கலை!"

"வெளிநாட்டு வெப்சைட் நிறைய கேட்கறதில்லை சார். கார்டு நம்பர், முடியற தேதி, பின்னாடி இருக்கற மூணு எண், இது போதும். நேத்து கார்டை முடக்கினது நீங்களா?"

"எனக்கு இருந்த பதட்டத்துல பேசவே வரலைம்மா. சார்தான் பேசினார்." எதிரில் இருந்தவரைக் காட்டினார். "ஏழாம் நம்பர், விஜயகுமார். சென்னை. இவர் இல்லாட்டி எனக்கு நெஞ்சுவலியே வந்திருக்கும். மூணே முக்காலுக்கு அந்தத் திருட்டுப் போன் வந்தது. வச்சுட்டு வெளியே ஓடி வந்தேன். இவர்தான் 'ஒண்ணும் சொல்லலையே? ரொம்ப நல்லது. உடனே கார்டை முடக்கிடுவோம்'னு என் ரூம் போன்லேயே பேங்க்குக்குப் போட்டார். இடிச் சத்தத்துல கேட்கலைன்னு ஒரு காதை விரலால அடைச்சுக்கிட்டுப் பத்து நிமிஷம் பேசினார். அவ்வளவு கலவரத்துலயும் நடுநடுவே சுடோகு கட்டத்தை நிரப்பிக்கிட்டே இருந்தார்னா பாருங்க. என்ன நிதானம்!"

"மனுஷனுக்கு மனுஷன் இதுகூடச் செய்யலேன்னா எப்படி மேடம்?" விஜயகுமார் அடக்கமாகச் சிரித்தார். "டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார்னு ரெண்டு வாரமா இங்கே இருக்கேன். அந்தப் பொண்ணு பார்க்க எவ்வளவு சாது தெரியுமா? காலம் கெட்டுக் கிடக்கு."

லாசருக்கும் சுடோகு பைத்தியம் உண்டு. ஜீப்பில் காத்திருக்கும் நேரமெல்லாம் செய்தித்தாள் கட்டங்களைத்தான் கொத்திக்கொண்டிருப்பான். பழக்க தோஷத்தில் விஜயகுமாரின் மடியை எட்டிப் பார்த்தான். அவன் நெற்றி சுருங்கியது. விஜயகுமார் புத்தகத்தை மூடினார்.

"இதப் பாருங்க!" ஜெயபிரகாஷ் பின்னாலேயே வந்து, அறைத் தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பிய்க்காத குறையாக இழுத்துக் காட்டினார். வங்கிகளின் வாடிக்கையாளர் சேவை எண்கள் வரிசையாகக் கையால் எழுதப்பட்டிருந்தன. "எல்லா ரூம்லயும் இத ஒட்டுனது பவித்ரா! அவ எழுத்துதான்! பொய் நம்பரை எழுதி ஒட்டியிருக்கா. இவங்க பேங்க்னு நெனச்சுப் பேசுனது அவளோட கூட்டாளிகிட்டங்க!"

கலாவதி தாளை நெருங்கி உற்றுப் பார்த்தாள். போலி சேவை எண் என்பது அவள் நூறு கோப்பில் பார்த்த வித்தைதான். பாவம் என்று தான் பரிந்து பேச நினைத்த பெண்ணின் கையெழுத்தே அவளுக்கு எதிராகச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

"சார், உங்க கார்டைக் கொண்டாங்க."

பாலசுப்பிரமணியம் சந்தேகத்தோடு நீட்டினார். கலாவதி வாங்கவில்லை. "உங்க கையிலயே இருக்கட்டும். பின்னாடி அச்சடிச்சிருக்கற பேங்க் நம்பரை மட்டும் படிங்க."

அவர் படித்தார். லாசர் சுவரைப் பார்த்து ஒப்பிட்டான். "அச்சுப் பிசகலீங்க மேடம். அந்தப் புள்ள சரியாத்தான் எழுதியிருக்கு."

"இப்ப நீங்களே டயல் பண்ணுங்க சார். நீங்களே பேசுங்க. நாங்க எல்லாரும் வெளியே நிக்கறோம்."

எட்டு நிமிஷத்தில் பாலசுப்பிரமணியம் வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது. "கார்டு இப்பத்தான் முடங்குதாம். நேத்து என் பேர்ல எந்த அழைப்பும் வரவே இல்லைங்கறான். பொய் சொல்றானுங்க, எல்லாம் பொய்!"

"பேங்க்காரன் எப்ப உண்மை பேசியிருக்கான்?" என்றார் விஜயகுமார் வருத்தத்தோடு.

கலாவதி வராந்தா ஓரத்தில் நின்று வெளியே பார்த்தாள். எண் சரி. பத்து நிமிஷம் பேசியதற்குச் சாட்சி இருக்கிறது. ஆனால் வங்கிக்கு அழைப்பு போகவில்லை. அவள் பழைய மேசையில் இந்தக் கோப்பு வந்திருந்தால் அரை நிமிஷத்தில் முத்திரை விழுந்திருக்கும்.

"பதினொன்னே முக்காலுங்க மேடம்," என்றான் லாசர் மெதுவாக. "எஸ்.ஐ. நேரத்துக்கு வர்ற ஆளா இருந்துட்டா வம்பு."

பவித்ராவைச் சாமான் அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். கம்பளிக் குவியல் மேல் உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு வயதுப் பெண் கலாவதியைப் பார்த்ததும் எழுந்தாள். கண்ணீர் விட்ட அடையாளமே இல்லை. கோபம்தான் இருந்தது.

"எழுதிக்கங்க, நாந்தான் எடுத்தேன்னு. அதுக்குத்தான வந்தீங்க?"

"எடுத்தியா?"

"இல்லீன்னா நம்பப் போறீங்களா? எங்கூர்ல படிச்சு மேசையில ஒக்காந்த மொதப் பொண்ணு நானுங்க. இனி எங்கூர்ப் புள்ளைங்கள எவனும் வேலைக்கு வெக்க மாட்டான். செம்மநத்தமான்னு கேட்டுட்டு வாசல்லயே அனுப்பிருவான். போங்க, எழுதிட்டுப் போங்க."

"திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம் கண்ணு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நேத்து மூணே முக்காலுக்கு நாலாம் நம்பருக்கு வெளியிலருந்து ஒரு போன் வந்துச்சு. நீதானே மாத்திக் குடுத்தே?"

"மூணே முக்காலுக்கா?" பவித்ராவின் கோபத்தில் ஒரு சிறிய ஓட்டை விழுந்தது. "அந்நேரம் எப்படிங்க வரும்? மூணரைக்கே இடி ஆரம்பிச்சிருச்சே. வெளி லைன் வயரைப் புடுங்கிப் போட்டேனுங்க."

"என்னது?"

"இடி கேட்டா மலையில எல்லா ஊட்டுலயும் மொதல்ல போன் வயரைத்தானுங்க புடுங்குவாங்க. இல்லாட்டி மின்னல் வயர்லயே வந்து எல்லாத்தையும் கருக்கிப்போடும். போன வருசம் புடுங்க மறந்து இன்டர்காம் பெட்டி எரிஞ்சுபோச்சு. மொதலாளி நொம்பப் பேசுனாரு. அதுலருந்து மறக்கறதே இல்லீங்க. ரூமுக்கு ரூம் பேசலாம், வெளிய மட்டும் போகாது, வராது. அஞ்சேகாலுக்குத்தான் திருப்பிச் சொருகுனேன்."

"இதை ஏன் இவ்வளவு நேரம் யாருகிட்டயும் சொல்லலே?"

"யாருங்க கேட்டாங்க? எந்நேரம் போன் வந்துச்சுன்னு எங்கிட்ட ஆருமே சொல்லல. மொதலாளி சேலத்துலருந்து காலையில வந்தாரு, திருடீன்னாரு, பூட்டுனாரு."

கலாவதி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "வயரைப் புடுங்கினதுக்கு ருசு இருக்கா?"

"கம்ப்ளெயிண்ட் நோட்டைப் பாருங்க. போன் வேலை செய்யலீன்னு நேத்து மூணு ரூம்காரங்க வந்து எங்கிட்டச் சண்டை போட்டாங்க. நேரத்தோட எழுதியிருக்கேன்."

லாசர் ஓடிப் போய் நோட்டை எடுத்து வந்தான். மூன்று முப்பத்தெட்டு, இரண்டாம் நம்பர், போன் இல்லை. மூன்று ஐம்பது, ஐந்தாம் நம்பர், போன் இல்லை, கத்தினார். நான்கு ஐந்து, ஒன்பதாம் நம்பர். நான்கு இருபது, மறுபடி இரண்டாம் நம்பர், மேலிடத்துக்கு எழுதப் போவதாகச் சொன்னார்.

கலாவதி இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை, இல்லாத ஒரு வரியைப் படித்தாள். சாமான் அறை என்றும் பாராமல் சத்தமாகச் சிரித்தாள்.

வாசலில் எஸ்.ஐ. மாதேஸ்வரனின் வண்டி வந்து நின்றது. அதே நேரத்தில் விஜயகுமார் கையில் பெட்டியோடு படி இறங்கிக்கொண்டிருந்தார்.

"கிளம்பிட்டீங்களா சார்?" என்றாள் கலாவதி.

"இங்கே மனசு சரியில்லை மேடம். போலீஸு, சத்தம்... எனக்கு ஒத்துக்காது."

"ஒரே ஒரு உதவி. நேத்து பேங்க்ல உங்ககிட்டப் பேசினது ஆணா, பெண்ணா?"

"பெண். நல்லா பொறுமையாப் பேசினாங்க. கார்டு நம்பர், தேதி, பின்னாடி இருக்கற மூணு எண் எல்லாம் கேட்டாங்க. சார் சொல்லச் சொல்ல நான் அவங்களுக்குச் சொன்னேன்."

"எத்தனை மணி இருக்கும்?"

"நாலு, நாலு பத்து. நல்ல இடி."

"ஒரு காதை அடைச்சுக்கிட்டுப் பேசற அளவுக்கு இடி."

"ஆமா."

"எஸ்.ஐ. சார், இந்த நோட்டைப் பாருங்க. நேத்து மூணரையிலருந்து அஞ்சேகால் வரைக்கும் இந்தக் கட்டடத்துலருந்து வெளியே ஒரு அழைப்பும் போகலை. இடி கேட்டதும் பவித்ரா வெளி லைன் வயரையே பிடுங்கி வச்சிருந்தா. மூணு ரூம்காரங்க பவித்ராவை வந்து திட்டியிருக்காங்க. போன் செத்துக் கிடந்த நேரத்துல ரிசீவரை எடுத்தும் வந்து சண்டை போடாத ஒரே ஆள், அதே போன்ல பத்து நிமிஷம் பேங்க்கோட பேசினேங்கறார். ஏன் சண்டை போடலை? அவருக்கு லைன் தேவையே இல்லை. அவர் எந்த நம்பரையும் போடலை. யாரோடயும் பேசலை. காதுல ரிசீவரை வச்சுக்கிட்டு நாலாம் நம்பர் சாரைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தார்."

பாலசுப்பிரமணியம் தூணைப் பிடித்துக்கொண்டார். "அந்தத் திருடன்கிட்ட நான் ஒண்ணுமே சொல்லலையேம்மா!"

"சொல்லலை சார். அதுக்கு அப்புறம் வந்த நல்லவர்கிட்டச் சொன்னீங்க. முதல் போன் உங்களைப் பயமுறுத்த மட்டும்தான். அதையும் ஏழாம் நம்பர்லருந்து இன்டர்காம்ல இவரே குரலை மாத்திப் பேசினார். வெளியிலருந்துதான் வர முடியாதே! உங்களை மாதிரி உஷாரானவங்க திருடனுக்குச் சொல்ல மாட்டீங்க, காப்பாத்த வந்தவனுக்குச் சொல்லுவீங்க. யாருகிட்டயாவது சொன்னீங்களான்னு கேட்டா, இல்லைன்னு சத்தியம் பண்ணுவீங்க. பேங்க்கிட்டச் சொன்னதை நீங்க கணக்குல சேர்க்கறதே இல்லை."

"என்ன உளறல் இது?" விஜயகுமாரின் அடக்கம் எங்கோ போய்விட்டது. "ஒரு நோட்டை வச்சுக்கிட்டு, ஒரு மலைக்காட்டுக் கழுதை எழுதின..."

"அந்தக் கழுதை இடி இடிச்சா என்ன செய்யணும்னு தெரிஞ்ச கழுதைங்க," என்றான் லாசர். "நீங்க தெரியாம மாட்டிக்கிட்டீங்க. எங்க, அந்தச் சுடோகு புஸ்தகத்தக் கொஞ்சம் குடுங்க."

விஜயகுமாரின் கை பெட்டியைத் தாண்டி ஜிப்பாப் பைக்குப் போனது. எஸ்.ஐ.யின் கை அதற்கு முன்னால் போனது.

லாசர் பக்கங்களைப் புரட்டினான். "காலையிலயே எனக்கு உறுத்துச்சுங்க சார். சுடோகுவுல ஒண்ணுலருந்து ஒம்போது வரைக்குந்தான். பூஜ்யத்துக்கு அங்க வேலையே கெடையாது. இவரு கட்டத்துல பூஜ்யம் மூணு இருக்கு. நானும் பத்து வருசமாப் போடறேன், இப்படி ஒரு தெறமையப் பாத்ததில்ல. நாலாம் நம்பர் சார், உங்க கார்டைப் பாருங்க. நாலு, அஞ்சு, பூஜ்யம், எட்டு..."

"ஐயோ!" என்றார் பாலசுப்பிரமணியம். மொத்தம் மூன்று பக்கங்களில் பூஜ்யம் இருந்தது. மூன்று பக்கங்கள், மூன்று கார்டுகள்.

விஜயகுமார் பெட்டியைக் கீழே வைத்தார். எஸ்.ஐ. ஒரு கையால் அவர் தோளைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்.

"நேத்து நீங்களே போன் போட்டிருந்தா லைன் இல்லைன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும் சார்," என்றாள் கலாவதி பாலசுப்பிரமணியத்திடம். குரலில் இரக்கம் கொஞ்சமும் இல்லை. "கார்டு உங்களுது. டயல் பண்ற விரலும் கேட்கற காதும் உங்களுதா இருக்கட்டும். நடுவுல சாமியே வந்து நின்னாலும் நகரச் சொல்லுங்க. அப்படியே அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பவித்ரா கேட்டுக்கொண்டாள்.

ஜெயபிரகாஷ் தொண்டையைக் கனைத்தார். "செரி, நடந்தது நடந்துபோச்சு. கண்ணு, நீ போய் ரிசப்ஷனப் பாரு. போன் அடிச்சுட்டே கெடக்குது."

பவித்ரா நகரவில்லை. "எங்கப்பன் கேட்டுக்கு வெளிய நிக்கறாருங்க. காலையில நீங்க போன்ல சொன்னது பொய்யின்னு போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. வேலயப் பத்தி அப்பறம் பேசலாமுங்க."

அவர் கலாவதியைப் பார்த்தார். கலாவதி லாசரைப் பார்த்தாள். லாசர் வானத்தைப் பார்த்தான். தூறல் ஆரம்பித்திருந்தது. குடை எடுத்துக்கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

ஜெயபிரகாஷ் நனைந்துகொண்டே கேட் வரைக்கும் நடந்தார். ஐயாக்கண்ணு ஜீப்பை ஒட்டி நின்றிருந்தார். முதலாளி அவர் காதருகே குனிந்து என்னவோ முணுமுணுத்தார். ஐயாக்கண்ணு ஓரடி விலகி நின்றார்.

"எம்பொண்ணு எடுக்கலீன்னு எனக்குத் தெரியாதுங்களா? நீங்க போன் போட்டது எனக்கில்லீங்க, ஊர்க் கடைக்கு. கடைக்காரன் ஸ்பீக்கர்ல போட்டான். கேட்டது இவிங்க அத்தன பேரும். இவிங்ககிட்டச் சொல்லுங்க."

ஜீப்பில் ஏழு முகங்கள் முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பவித்ரா... அந்தப் பணத்த எடுக்கலீங்க," என்றார் ஜெயபிரகாஷ்.

பின்சீட்டிலிருந்து வெள்ளையம்மாள் என்ற ஊர்க்காரி தலையை வெளியே நீட்டினாள். "காலையில போன்ல எம்மாஞ் சத்தமாப் பேசுனீங்க சாமி. இப்ப ஒண்ணுங் கேக்கல. அதே சத்தத்துல சொல்லுங்க."

முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. திரும்பிப் பார்த்தார். வராந்தா முழுக்க விருந்தினர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். படியில் பவித்ரா கைகட்டி நின்றாள்.

"பவித்ரா திருடி இல்லீங்க!" என்று கத்தினார் ஜெயபிரகாஷ். "நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்!"

பவித்ரா படி இறங்கி வந்தாள். அவரைத் தாண்டி நடந்தாள். உள்ளே தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளையம்மாள் நகர்ந்து இடம் விட, ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.